மூன்று காது வெள்ளாடு

எல்ஃப்ரீடா ஆவாசெஸுக்கு நான் அத்தை மகன். எங்கள் டமாரா இனத்து வழக்கப்படி அத்தை மகனும் மாமன் மகளும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த உரிமையில் என் பங்கையும் சேர்த்து அவளே அனுபவித்துவிட்டாள். அவளைப் பற்றி நானும் நாலு வார்த்தை சொல்ல இப்போதுதான் வாய் கிடைத்திருக்கிறது. 'யோனாஸ் புளுகுறான்' என்று அவள் எங்கிருந்தாவது கத்தினால் நீங்கள் காதில் வாங்க வேண்டாம்.

அவள் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. நான் சொல்லப்போகும் வருஷத்தில் அவளுக்கு முப்பத்திரண்டு வயது. சொத்து என்று பார்த்தால் இரண்டு பெண் குழந்தைகள், நாற்பத்தொரு வெள்ளாடு, ஒரு கழுதை. புருஷன் வால்விஸ் பே மீன் ஆலைக்குப் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்தான். ஒரு வருஷம் கழித்து வெட்கமில்லாமல் திரும்பி வந்து வாசலில் நின்றான். "ஆடு மேய்க்க ஆள் வேணும். கூலிக்குச் சேர்றியா?" என்று கேட்டாள். அவன் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனான்.

யானை வந்து தண்ணீர்த் தொட்டியை முட்டினால் ஆண்கள் நாங்கள் பாறைமேல் ஏறிக்கொண்டு கூச்சல் போடுவோம். அவள் களி கிண்டிய பானையையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நேரே போவாள். "உங்கப்பன் கட்டின தொட்டியா இது? நட அந்தப் பக்கம்!" என்று தட்டுவாள். யானையும் நடக்கும். கொம்பு முளைத்தவள் என்று ஊரில் அவளுக்குப் பெயர்.

எங்கள் கம்மாஸ் பள்ளத்தாக்கில் மொத்தம் பன்னிரண்டு வீடு, ஒரே ஊற்று. ஊற்றைச் சுற்றிச் சரிந்து கிடக்கும் செம்மணற்பாறைகளில் ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், தீக்கோழி, மனிதப் பாதம் என்று யார் யாரோ எந்தக் காலத்திலோ கொத்தி வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கடக்கும்போது வணக்கம் சொல்லிவிட்டுப் போவோம். குடியிருந்தவர்கள் முன்னால் மரியாதை இல்லாமல் நடக்கலாமா? எங்களுக்கு அவ்வளவுதான் விஷயம். சண்டையும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் கழித்து, தொண்ணூற்றிரண்டில், கல் ஆபீஸ் வந்தது. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு, நாங்கள் வைத்த பெயர் கல் ஆபீஸ். அதன் பெரிய தலை டாக்டர் லூரென்ஸ். பாறையின் நிறத்தைப் பார்த்தே வயது சொல்லும் படிப்பாளி. எட்டு மாதம் கூடாரம் போட்டு ஒவ்வொரு கொத்தோவியத்துக்கும் எண் போட்டார், படம் எடுத்தார். எங்கள் பெண்கள் அவருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து, புத்தகமும் அச்சான பிறகு எங்களை முள் மரத்தடியில் கூட்டி வைத்துக் குண்டைப் போட்டார்.

"இது உலகத்தோட சொத்து. வேலி போடப் போறோம். ஜூன் முப்பதுக்குள்ள எல்லாரும் மலைக்கு அந்தாண்டை போயிடணும்."

"அந்தாண்டை தண்ணி ஏதுங்க?" என்றார் எங்கள் தலைவர் பெட்ரூஸ் ஹோசெப்.

"அது வேற ஆபீஸ் வேலை. நீங்கள்லாம் எண்பத்தொண்ணு பஞ்சத்துல ஆட்டை ஓட்டிட்டு வந்தவங்க. எண்பதுக்கு முன்னாடி குடியிருந்தவங்களை அசைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஒத்துக்கறேன். அப்படி இருந்தோம்னு முத்திரை குத்தின காகிதம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. நானே மூட்டையைக் கட்டிக்கறேன்."

"எங்க தாத்தா சமாதி அதோ இருக்குதுங்க ஐயா."

"கல் குவியல். அதுல பேர் எழுதியிருக்கா?"

எல்ஃப்ரீடா பின்னாலிருந்து கேட்டாள்: "பேர் எழுதலைன்னா அவர் சாகவே இல்லைங்களா? வரச் சொல்லுங்க, ஆடு மேய்க்க ஆளில்லை."

சிரித்தோம். சிரித்து என்ன ஆகப்போகிறது? காகிதம் எங்களிடம் இல்லை. எப்படி இருக்கும்? பழைய வெள்ளையர் ஆட்சியில் இந்தப் பள்ளத்தாக்கில் தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். எங்களுக்கு அது தரப்படவில்லை. சீட்டுச் சோதிக்கும் ஆய்வாளரின் லாரி தூரத்தில் புழுதி கிளப்பினால் அடுப்பை மண் போட்டு மூடுவோம், ஆட்டைப் பாறை இடுக்குக்குள் ஓட்டுவோம், குழந்தை வாயைப் பொத்துவோம். காகிதத்தில் சிக்காமல் இருப்பதுதான் அன்றைக்குப் பிழைப்பு. அன்று சிக்கவில்லை என்பதற்காக இன்று விரட்டுகிறார்கள். வயிறு எரியுமா எரியாதா?

கூட்டம் முடிந்ததும் லூரென்ஸ் தாராள மனதோடு தான் எழுதிய புத்தகம் ஒன்றை ஹோசெப்புக்குப் பரிசாகக் கொடுத்தார். விரட்டுகிறவன் கையால் வெகுமதி. அதன் அட்டையைப் பார்த்த ஹோசெப் அப்படியே நின்றுவிட்டார். அட்டையில் இருந்தது இருநூற்றுப் பதினாலாம் எண் கல். மூன்று காது உள்ள விலங்கு. இரண்டாயிரம் வருஷப் பழமை, மூன்றாவது காதால் முன்னோர்களின் ஆவிக்குரலைக் கேட்கிறது என்று உள்ளே ஆறு பக்கம் எழுதியிருந்தது.

"டேய் யோனாஸ், இதைப் பாருடா. இது மூணு காதா?" என்றார்.

இல்லை. இடது காது நடுவில் பிளந்தது. அது என் மாமா, எல்ஃப்ரீடாவின் அப்பா, அகஸ்டீனுஸ் ஆவாசெப்பின் பட்டிக் குறி (எங்கள் பேச்சில் ஆணுக்கு ஆவாசெப், பெண்ணுக்கு ஆவாசெஸ்). எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காது வெட்டு உண்டு. ஆடு எங்கே தொலைந்தாலும் காதைப் பார்த்து வீடு கண்டுபிடிப்போம். எங்கள் ஊர்க் குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லியிருக்கும். எட்டு மாதமும் எங்கள் ரொட்டியைத் தின்ற அந்த மனிதர் கேட்கவில்லை.

ஹோசெப்புக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே எல்லாரையும் கூப்பிட்டார். "பிழைச்சோம்! ரெண்டாயிரம் வருஷத்துக் கல்லுல ஆவாசெப் குறி இருக்கு. நம்ம முப்பாட்டன் கொத்தினதுன்னு சொல்லுவோம். அந்தாளு புத்தகத்தை வெச்சே அந்தாளை அடிப்போம்."

எல்லாரும் கைதட்டினார்கள். எல்ஃப்ரீடா அட்டையை வாங்கிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இது நம்ம நொண்டிச்சி ஆடு. நான் கொத்தினது. எழுபத்துநாலுல."

நான் மறந்து தொலைத்ததாக நினைத்திருந்த விஷயம் அது.

அவளுக்குப் பதினாலு, எனக்குப் பன்னிரண்டு. ஊற்றில் ஆடு தண்ணீர் குடிக்கும் நேரத்தில் வெள்ளைப் பளிங்குக் கல்லை இடக்கையில் பிடித்துக்கொண்டு கொத்திக்கொண்டே இருப்பாள். நாலு நாளில் நொண்டி ஆடு ஒன்று வந்துவிட்டது, பின்னங்கால் குட்டை, காது பிளவு, எல்லாம் அச்சாக. புதுக் கொத்து வெளுப்பாகப் பளிச்சென்று தெரிந்தது. ஆய்வாளர் கண்ணில் பட்டால் ஆள் இருப்பது தெரிந்துவிடும், அதற்கு முன்னால் மாமா கண்ணில் பட்டால் எங்கள் தோல் உரிந்துவிடும். பெண்கள் மேலுக்குப் பூசும் செங்காவியை ஆட்டுக்கொழுப்பில் குழைத்து வாரம் முழுக்கத் தேய்த்தோம். டப்பாவைப் பிடித்தவன் நான். வெயிலில் காய்ந்து காய்ந்து அது பாறையோடு பாறையாகிவிட்டது. லூரென்ஸின் இரண்டாயிரம் வருஷம் என்பது என் அம்மாவின் பூச்சு டப்பா.

"சரி, நீயே கொத்தினதா இருக்கட்டும். வெளிய சொல்லாதே" என்றார் ஹோசெப். "வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழியை உடைக்காதே தாயி."

"சொல்லுவேன்."

"ஏன்டி, பன்னெண்டு குடும்பத்தைத் தெருவுல நிறுத்தவா? உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று யாரோ கத்தினார்கள்.

"எங்கப்பன் ஆயுசுக்கும் பொகை வராம அடுப்பெரிச்சான். இருமல் வந்தாக்கூட வாயில துணியைத் திணிச்சுக்கிட்டு இருமினான், லாரிக்காரனுக்குக் கேட்டுடப் போகுதுன்னு. இங்க ஒருத்தன் இருந்தான்னு யாருக்கும் தெரியாமலே செத்தும் போனான். நாங்க இருந்ததுக்கு இந்தக் கல்லுல ஒரே ஒரு அடையாளம் இருக்கு. அதையும் கொண்டுபோய் ஆவிக்குக் குடுங்கறீங்களா? குடுக்க மாட்டேன். உசுரோட இருக்கறவ கொத்தினது அது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு மச்சான். டப்பா பிடிச்சியே."

நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். அவள் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு நான் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் ஹோசெப் முப்பாட்டன் கதையைத் தொடங்கும் முன்பே அவள் எழுந்துவிட்டாள். லூரென்ஸ் பொறுமையாகக் கேட்டார். குழந்தை பேசுவதைக் கேட்கிறவர் முகம்.

"அம்மா, இதெல்லாம் அறிவியல். சும்மா சொல்லிடக் கூடாது."

"சும்மா சொல்லலை" என்று ஓடையில் கிடந்த தட்டைக் கல் ஒன்றை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இடக்கையில் பளிங்குக் கல். கொம்பில் தொடங்கி முதுகு வழியாக வாலுக்கு, அங்கிருந்து காலுக்கு. டொக், டொக், டொக். வெயில் ஏறியது, அவள் நிமிரவில்லை. கடைசியில் காது. பிளவு. இடுப்பிலிருந்து பூச்சு டப்பாவை எடுத்து அழுத்தித் தேய்த்து, கல்லைத் தூக்கி அவர் காலடியில் வைத்தாள்.

"உங்க புத்தகத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

பார்த்தார். கூட வந்த இரண்டு உதவியாளர்களும் பார்த்தார்கள், அதில் ஒருவன் சிரிப்பை அடக்க இருமினான். லூரென்ஸின் முகம் பாறை நிறத்துக்கு வந்துவிட்டது. அத்தோடு வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் ஜூன் முப்பதில் நாங்கள் மலைக்கு அந்தாண்டை இருந்திருப்போம். நுணலும் தன் வாயால் கெடும்.

"அப்படின்னா நீ பாதுகாக்கப்பட்ட பாறையை நாசம் பண்ணின குற்றவாளி! அன்னிக்கே சட்டம் இருந்தது. உன்னை விட மாட்டேன்!" என்று கத்திவிட்டு, அன்றே கோரிக்சாஸ் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மறுநாள் ஹோசெப்பும் நானும் அவளைக் கழுதை வண்டியில் கூட்டிப்போனோம். வழியெல்லாம் ஹோசெப் திட்டிக்கொண்டே வந்தார். "ஊரும் போச்சு, நீயும் ஜெயிலுக்குப் போறே. திருப்திதானே?" காவலர் எழுத்துக்கூட்டிப் புகாரைப் படித்தார்.

"கம்மாஸ் பள்ளத்தாக்கில் தன் பெற்றோருடன் வசித்துவந்த எல்ஃப்ரீடா ஆவாசெஸ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலாம் ஆண்டு..."

ஹோசெப் திட்டுவதை நிறுத்தினார். எல்ஃப்ரீடா மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"இன்னொரு தரம் படிங்க."

படித்தார்.

"இதுக்கு முத்திரை குத்துவீங்களா?"

"இது வெறும் புகார்தான்மா. குற்றம் உறுதியாகித் தீர்ப்பு வந்தாத்தான் கோர்ட்டு முத்திரை. ஏன் பயப்படறே? பழைய கதை, தள்ளுபடியாகிடும்."

"தள்ளுபடியாகக் கூடாது" என்றாள். "எனக்குத் தண்டனை வேணும்."

காவலர் என்னைப் பார்த்தார். இவளுக்குப் புத்தி சரியில்லையோ என்பதுபோல. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவளைக் குற்றவாளி என்று எழுத வேண்டுமானால், எழுபத்துநாலில் அவள் கம்மாஸில் குடியிருந்தாள் என்று அரசாங்கம் தன் கையாலேயே எழுதியாக வேண்டும்.

லூரென்ஸுக்கு உறைக்க ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் காப்பித்தூள், இரண்டு கிலோ சர்க்கரையோடு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் அங்கே ஆட்டுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"கோபத்துல புகார் குடுத்துட்டேன். வாபஸ் வாங்கிக்கறேன். நீயும் விளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"நான் குற்றம் பண்ணினவ ஐயா. மனசு உறுத்துது."

"ஜெயில்ல போட்டுடுவாங்கம்மா. ரெண்டு பொண்ணுங்களை யார் பாத்துப்பா?"

அந்த இடத்தில் அவள் முகம் ஒரு கணம் கலங்கியது. நான் கண்ணால் பார்த்தேன். பிறகு சர்க்கரைப் பையை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள். "ஜூன் முப்பதுக்கு அப்புறம் அதுங்க எந்தத் தண்ணியைக் குடிக்கும்னு நீங்க யோசிச்சீங்களா? போங்க. கோர்ட்ல பாப்போம்."

அவர் போன பிறகு நான் சொன்னேன்: "எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு எல்ஃபி."

"வந்துடுச்சா? மூளைக்கு வர்றதுக்கு மாட்டு வண்டியில புறப்பட்டுச்சோ?" என்றாள். அப்பாடா என்று இருந்தது.

நீதிபதி திருமதி கவாரி, ஹெரெரோ இனத்துப் பெண்மணி. மாடு வளர்க்கும் குடும்பத்துக்காரர் என்பது அவர் புத்தக அட்டையைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. காதில்தான் நின்றது கண்.

கல் ஆபீஸ் வக்கீல் எழுந்தார். "அம்மா, புகார்தாரர் வழக்கை நடத்த விரும்பலை. சின்ன வயசு, அற்ப விஷயம்."

"அற்பமா?" என்றாள் எல்ஃப்ரீடா. "உலகத்தோட சொத்துன்னு சொன்னீங்க! நாலு நாள் கொத்தினேன். ஒத்துக்கறேன், குற்றம் என்னுது. எழுதுங்கம்மா."

"புகாரைத் திரும்ப வாங்கறது அரசாங்க வக்கீல் வேலை. அவர் வாங்கலை. குற்றவாளி ஒத்துக்கறா" என்றார் நீதிபதி. "இது உண்மைதான்னு சொல்ல ஆள் உண்டா?"

நான் எழுந்தேன். பளிங்குக் கல், நாலு நாள், காவி, கொழுப்பு எல்லாம் சொன்னேன். டப்பா பிடித்தது நான்தான் என்றும் சொன்னேன்.

"அப்போ நீயும் குற்றவாளி."

"ஆமாங்கம்மா."

"அந்த வருஷம் அங்க வேற யாரெல்லாம் குடியிருந்தாங்க?"

கல் ஆபீஸ் வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆட்டுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"குற்றத்தை யார் யார் பாத்திருக்கலாம்னு எனக்குத் தெரிய வேண்டாமா? உட்காருங்க." பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நிதானமாச் சொல்லு. ஒருத்தரையும் விடாதே."

சொன்னேன். ஊற்றுக்கு மேல் வீட்டில் தொடங்கி ஒவ்வொரு பட்டியாக. ஹோசெப் குடும்பம், அவர் தாத்தாவின் பெயரோடு. ஆவாசெப் குடும்பம். எங்கள் கனசெப் குடும்பம். செத்தவர்கள், பிறந்தவர்கள், அந்த வருஷம் கைக்குழந்தையாக இருந்தவர்கள். பின்வரிசையில் எங்கள் சனம் உட்கார்ந்திருந்தது. பெயர் வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள், யாரும் நிற்கச் சொல்லவில்லை. எழுத்தர் தட்டச்சு இயந்திரத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். காகிதத்துக்குப் பயந்து ஒளிந்த பெயர்கள் அத்தனையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. கடைசிப் பெயர்வரை சொல்லி முடித்தேன்.

தீர்ப்பு ஆளுக்கு ஏழு நாள் சிறை. பதிவின் நகல் ஒன்றை முத்திரையோடு ஊர்த் தலைவர் கையில் கொடுக்கும்படியும் நீதிபதி சொன்னார். லூரென்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

காவலர் எல்ஃப்ரீடாவின் தோளைத் தொட்டார். அவள் நகரவில்லை.

"அம்மா, பன்னெண்டு குடும்பமும் ஏறிடுச்சா?"

நீதிபதி தாளை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். "பன்னெண்டும் ஏறிடுச்சு."

"எங்கப்பன் பேரு?"

"அகஸ்டீனுஸ் ஆவாசெப், கம்மாஸ் பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்" என்று படித்தார்.

"சரி, எங்க ஜெயிலு?" என்று கேட்டுவிட்டுக் காவலருக்கு முன்னால் நடந்தாள்.